அறுபதுக்கு நாற்பது

ஆகஸ்ட் 11, திங்கள்

எதிர் பிளாட் ரேடியோ முடிந்தது. சத்தம் கூட்டுகிற குமிழின் காலில் இணைப்பு விட்டிருந்தது. பற்றவைத்திருந்த பழைய சால்டரை உருக்கி உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு சொட்டு வைத்தேன். இப்போது செய்தி வாசிப்பவர் தாளைப் புரட்டுவதுகூடக் கேட்கிறது.

இந்த டைரி பழுது வேலைகளுக்கு மட்டும் என்று ஜனவரியில் முடிவு செய்திருந்தேன். என்ன சாமான், என்ன கோளாறு, எதை வைத்துப் பற்றவைத்தேன். காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் நஷ்டத்தைக் காகிதத்தில் பார்க்கிறவளுக்கு ஒன்றையாவது கையால் சரிசெய்தால்தான் மனசு ஆறுகிறது. என் சால்டரிங் அயர்னை ரகு 'உன் ஊதுபத்தி' என்பார். பதினைந்து வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியவர், அந்த அளவுக்குக் கேலி பண்ண உரிமை உண்டு.

இன்று ஹரிணி வந்துவிட்டாள். ரகுவின் தங்கை. ஐந்தாம் மாசம் முடியப் போகிறது. அவள் கணவன் விக்னேஷைக் கம்பெனியில் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் பிரசவம் வரை திருச்சியில் எங்களோடுதான். அம்மா (இந்த டைரியில் அம்மா என்றால் என் மாமியார்) நேற்றிலிருந்து வீட்டுக்குள் நடப்பதே இல்லை, பறக்கிறாள். உள் அறையை ஹரிணிக்குக் கொடுத்தாயிற்று. அதில்தான் என் பழுது மேஜை இருந்தது. மேஜை இப்போது பால்கனியில். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பால்கனியில் நன்றாகக் காற்று வருகிறது.

காற்று அடித்தால் அயர்னில் சூடு நிற்காது என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஹரிணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மன்னி, நானும் பாக்கறேனே. பொழுதே போகலை."

"உள்ளே போ. இதுல காரீயம் இருக்கு, புகையும் ஆகாது. வயத்துல புள்ளையை வெச்சுண்டு இங்க உக்காரப்படாது."

கொஞ்சம் கறாராகச் சொல்லிவிட்டேன் போல. முகம் வாடி எழுந்து போனாள். உள்ளேயிருந்து அம்மா, "நல்லதுக்குத்தானே சொல்றா, வா" என்றாள். நான் கையை அலம்பிக்கொண்டுதான் உள்ளே போனேன். சால்டர் தொட்ட கையோடு நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

புதுச் சால்டர் சுருள் வாங்க வேண்டும். கடையில் 'லெட்' என்று கேட்டால் கொடுப்பது அறுபதுக்கு நாற்பது. அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். சீக்கிரம் உருகும், சொன்ன இடத்தில் ஓடி உட்காரும், ஆறினால் பளபளவென்று இருக்கும். காரீயம் இல்லாத சுருளும் இப்போது வருகிறது. விலையும் கூட, பிடிவாதமும் கூட. சூடு நிறையக் கேட்கும். ஆறின பிறகு மங்கலாக உட்கார்ந்துகொண்டு, பிடித்திருக்கிறதா இல்லையா என்று காட்டவே காட்டாது. முகத்தைப் பார்த்தால் மனசு தெரிய வேண்டும் எனக்கு. அறுபதுக்கு நாற்பதே போதும்.

ஆகஸ்ட் 23, சனி

ஈயச்சொம்பில் ஓட்டை.

அம்மாவின் கல்யாணச் சீர் அது. இந்த வீட்டில் அதில் வைத்தால்தான் அது ரசம். எவர்சில்வரில் கொதித்தால் அதற்கு அம்மா வைத்திருக்கும் பெயர் புளித்தண்ணி. காலையில் அடுப்பு மேடையெல்லாம் சொட்டுச் சொட்டாக வடிந்திருந்தது. அடிப்பக்கம், வளைவு தொடங்குகிற இடத்தில், ஊசி நுழைகிற அளவு துளை. பாத்திரக் கடைக்காரர், "பழசை எடையில போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்க மாமி" என்றாராம். அம்மா சொம்பை மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் திரும்பி வந்துவிட்டாள்.

"நீதான் ஊரார் ஆத்து ரேடியோவுக்கெல்லாம் பத்தவெக்கறயே, பூர்ணிமா. இதுக்கு ஒரு பொட்டு வெச்சுத் தரப்படாதா?"

என் ஊதுபத்தி அம்மாவுக்குத் தேவைப்பட்டது இதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை லேசுப்பட்டதல்ல. சொம்பு முழுக்க வெள்ளீயம். அது இருநூற்று முப்பது டிகிரியில் இளகிவிடும். காரீயம் இல்லாத சால்டர் உருகுவதும் ஏறக்குறைய அதே சூட்டில்தான். அதை வைத்தால் துளை அடைவதற்குள் சொம்பே சரிந்துவிடும். அறுபதுக்கு நாற்பதோ நூற்றெண்பது, நூற்றுத் தொண்ணூறிலேயே ஓட ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச இடத்தில்தான் கைவேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பற்றுப் பிடிக்க பிளக்ஸ் பசை தடவி, அயர்னில் சூட்டைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஒன்று வைத்தேன், உள்ளே ஒன்று வைத்தேன். உள்ளே வைத்தது ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். பிளக்ஸ் கறை போகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒழுகவில்லை.

எந்தச் சால்டர் என்று தீர்மானிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ரகுவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "ரொம்ப சந்தோஷம், சாதம் போடு" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரசம் வைத்தாயிற்று. அம்மா அக்கம்பக்கத்து மாமிகளையெல்லாம் கூப்பிட்டு சொம்பைக் காட்டினாள். "என் மாட்டுப்பொண் பத்தவெச்சது." ஹரிணிக்கு எது சாப்பிட்டாலும் குமட்டிக்கொண்டு வருகிறது. ரசம் மட்டும் நிற்கிறது. டம்ளரில் ஊற்றிக் குடித்தாள், இன்னொரு டம்ளர் கேட்டாள்.

ரொம்பப் பெருமையாக இருந்தது. எழுதி வைக்கிறேன், இந்தப் பெருமை அடிக்கடி வருவதில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

வளைகாப்பு.

வளையல் தட்டு வந்ததும் ரகுவின் அத்தை, "பெத்தவா எல்லாம் வந்து அடுக்குங்கோ, மத்தவா அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். எங்களுக்குக் குழந்தை இல்லை. டாக்டர்களிடம் போவதை நிறுத்தியே பல வருஷம் ஆயிற்று. அத்தை சொன்னதும் ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அப்படித் திரும்பாமல் இருந்ததே எல்லாரும் சேர்ந்து பார்த்தது போல இருந்தது. நான் சமையலறைக்குள் போகக் கிளம்பினேன்.

ஹரிணி கையை நீட்டினாள். "மன்னி, நீங்க வாங்கோ."

போட்டேன். கை லேசாக வீங்கியிருந்தது. கண்ணாடி வளையல் முட்டியில் மாட்டியது. உடையாமல் ஏற்றினேன்.

எனக்கு அத்தை மேல் கோபம் வந்திருக்க வேண்டும். ஹரிணி மேல்தான் வந்தது. அவள் கையை நீட்டாமல் இருந்திருந்தால் நான்பாட்டுக்கு உள்ளே பாயசத்தைக் கிளறிக்கொண்டு இருந்திருப்பேன். எல்லார் எதிரிலும் எனக்குப் பிச்சை போட்டுவிட்டாள். இதை எழுதியிருக்க வேண்டாம்.

மாலையில் மாடி வீட்டு மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ் மாற்றினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

எமர்ஜென்சி விளக்கு, பேட்டரி ஒயர் துருப்பிடித்திருந்தது. வெட்டிப் புது ஒயர் பற்றவைத்தேன்.

ஹரிணி எப்போது பார்த்தாலும் படுத்தே இருக்கிறாள். வயிறு பிடித்து வலிக்கிறதாம், மலச்சிக்கல் வேறு. டாக்டரிடம் போனதற்கு ரத்தம் கொஞ்சம் குறைச்சல், பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா தன் பங்குக்குப் பெருங்காயம் தூக்கலாகப் போட்டு ரசத்தை இரண்டு வேளையும் ஆக்கிவிட்டாள். எனக்கும் நாலு நாளாக வாயில் ஒரு மாதிரி இருக்கிறது. வெயில்.

அக்டோபர் 4, சனி

விக்னேஷின் அக்கா ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறார். தன் பிள்ளைக்கு வாங்கின தொட்டில் பொம்மை. மேலே மாட்டினால் நாலு யானை சுற்றும், பாட்டு வரும். இரண்டும் நடக்கவில்லை. ஹரிணி அதைக் கொண்டுவந்து தயங்கித் தயங்கி பால்கனி வாசலிலேயே நின்றாள். "மன்னி, இதைக் கொஞ்சம் பாக்கறேளா? அவசரம் இல்லே."

பிரித்துப் பார்த்தேன். மோட்டார் நல்ல நிலை. இரண்டு இணைப்பு விட்டிருக்கிறது, அவ்வளவுதான். சிங்காரத்தோப்புக் கடைத்தெரு வரை போய்க் காரீயம் இல்லாத சுருள் ஒன்று வாங்கி வந்தேன். கடைக்காரர், "நீங்க எப்பவும் இதை வேணாம்னு திட்டுவீங்களேம்மா" என்று சிரித்தார். பொம்மை என்றேன். யானையின் காது உடைந்தால் உள்ளே இருக்கிற ஒயர் வெளியே வரும். பல் முளைக்கிற வயசில் பிள்ளைகள் எதையும் விடாது. வாயில் போகிற சாமானில் காரீயம்

அக்டோபர் 5, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ரசம் ஊசிப்போயிருக்கிறது, கொட்டிவிடலாம் என்றேன். அம்மா உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்து, "நன்னாத்தானே இருக்கு" என்றாள். மோர் போதுமே என்று ஹரிணியிடம் சொன்னேன். அவள் இரண்டு டம்ளர் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

அலுவலகத்துக்கு லீவு போட்டேன். தலைவலி.

ஈயச்சொம்பு போய்விட்டது. அம்மா பூஜை அறையில் இருந்தபோது நடந்தது. காலியாக அடுப்பில் இருந்திருக்கிறது. அடியில் கேஸ் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஈயம் எத்தனை நேரம் தாங்கும்? நான் பார்த்தபோது பாதி உருகி பர்னர் மேல் வழிந்திருந்தது. அம்மா ஓடி வந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேஸை யார் பற்றவைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

இனிமேல் எவர்சில்வரில்தான் ரசம். எவர்சில்வர் ரசத்துக்கு என்ன குறைச்சல்.

அக்டோபர் 8, புதன்

தொட்டில் பொம்மை முடிந்தது. காரீயம் இல்லாததை வைத்தே. இணைப்பு மங்கலாகத்தான் இருக்கிறது, ஆனால் யானை சுற்றுகிறது.

அம்மா அடுப்பைப் பற்றவைக்கவே மாட்டேன் என்கிறாள். பற்றவைத்தாலும் அணைத்தோமா என்று திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறாள். காலை மாத்திரையைச் சாப்பிட்டேனா என்று என்னைக் கேட்டாள், பிறகு ரகுவைக் கேட்டாள். நேற்று ராத்திரி ரகுவிடம் தாழ்ந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது.

"பெரியக்காவுக்கும் இப்படித்தான்டா ஆரம்பிச்சது. பால் வெச்சதே ஞாபகம் இருக்காது. கடைசில பெத்த புள்ளையையே யாருன்னு கேட்டா. என்னை ஒரு டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போடா."

"சும்மா இரும்மா. ஒரு தடவை மறந்தா பைத்தியமா?"

"கேஸைப் பத்தவெச்சதே ஞாபகம் இல்லியேடா."

சொம்பு போனதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இனிமேல் காரீயம் யார் வயிற்றுக்குள்ளும் போகப் போவதில்லை, போனதை எடுக்க முடியாது, பின்னே யாரிடம் எதைச் சொல்லி என்ன? அலுவலகத்தில் இதே போலச் சாக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நஷ்டஈடு கேட்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்று அலுவலகத்தில் எங்கள் மருத்துவ ஆலோசகரிடம், யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். காரீயம் எலும்பில் போய்த் தங்கும், அங்கிருந்து ரத்தத்துக்கு வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும் என்றார். ரத்தத்தில் பார்த்தால்தான் எவ்வளவு என்று தெரியும், தெரிந்தால் சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து கொடுத்துப் பிள்ளைக்குப் போவதைக் குறைக்கலாம். "தெரியாம விட்டாத்தான் தப்பு" என்றார். "யாருக்கு மேடம்?" என்றார்.

ஒரு பாலிசிதாரர் என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாதவள், பிள்ளைத்தாய்ச்சி தினமும் குடிக்கிற பாத்திரத்தில் விஷத்தை வைத்தாள். காரீயம் ஆகாது என்று அவளிடமே சொல்லித் துரத்தினவள், பத்து நாளில் அதையே ரசத்துக்கு அடியில் வைத்தாள். நான் எழுதினதையே நான் திரும்பப் படித்தால் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

அன்றைக்கு எனக்குச் சூட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சொம்பு இளகக் கூடாது, அவ்வளவுதான் கவலை. ரேடியோவைச் செய்வது போலத்தான் செய்தேன். ரேடியோவை யாரும் குடிப்பதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றவே இல்லையா என்று நூறு தடவை கேட்டுக்கொண்டாயிற்று. இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் வளைகாப்பு அன்றைக்கு நான் எழுதினதும் நான்தானே.

அக்டோபர் 11, சனி

ஹரிணியை டாக்டர் செல்வநாயகியிடம் மாதாந்திரப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். வெளியே போகவே பயப்படுகிறாள் அம்மா, அதனால் நான். ரத்தம் இன்னும் குறைந்திருக்கிறது. டாக்டர் இரும்பு மாத்திரையைக் கூட்டி எழுதினார். "கீரை சாப்பிடறீங்களா? நல்லா தூங்குங்க. அடுத்த மாசம் வாங்க." ஹரிணி எழுந்துவிட்டாள். நானும் எழுந்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட நர்ஸ் கதவைத் திறந்தாள்.

நான் திரும்ப உட்கார்ந்தேன். "டாக்டர், ரத்தத்துல காரீயம் இருக்கான்னு பாக்கணும்."

"எதுக்குக் கேக்கறீங்க?"

சொன்னேன். சொம்பு, துளை, சால்டர், உள்ளே வைத்த அகலம், எல்லாம். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "எவ்வளவு நாளா?"

"ஆகஸ்ட் கடைசிலேர்ந்து. போன ஞாயித்துக்கிழமை வரைக்கும்."

"தினமுமா?"

ஹரிணிதான் சொன்னாள். "தினமும். ரெண்டு வேளையும்." நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் கை இரண்டும் வயிற்றின் மேல் போனது மட்டும் தெரிந்தது.

அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். அது சென்னை லேபுக்குப் போய் முடிவு வர வேண்டும், சில நாள் ஆகும். வீட்டில் குடித்தவர்கள் எல்லாருமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என் கையிலும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, எவ்வளவு வெட்கங்கெட்ட ஆறுதல்.

ஆட்டோ பாலத்தைத் தாண்டியது. ஹரிணி, "சொம்பு தானா உருகித்தா, மன்னி?" என்றாள்.

"இல்லே. நான்தான்."

"அம்மா தனக்குப் பைத்தியம் பிடிச்சுடுத்துன்னு நினைச்சிண்டிருக்கா."

"தெரியும். இப்போ போய் சொல்லிடறேன்."

வீட்டில் அம்மாவையும் ரகுவையும் உட்கார வைத்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அம்மா முதலில் கேட்டது, "அப்போ நான் கேஸை அணைச்சிருந்தேனா?" என்பதுதான்.

"அணைச்சிருந்தேள்மா. நீங்க எதையும் மறக்கலை."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "பெருமாளே" என்றாள். அவள் முகம் அப்படி லேசானதை நான் பார்த்ததே இல்லை. அது கொஞ்ச நேரம்தான். மெதுவாகக் கண்ணைத் திறந்து ஹரிணியைப் பார்த்தாள், அவள் வயிற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள்.

ரகு, "ஏன் அன்னிக்கே சொல்லலை?" என்றார்.

"சொன்னா நீங்க என்ன நினைப்பேளோன்னு பயம்."

"நான் என்ன நினைப்பேன்?"

"வேணும்னு பண்ணினேன்னு."

இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். பேப்பரை மடித்து வைத்தார். பால்கனிக்குப் போய் நின்றார்.

அக்டோபர் 13, திங்கள்

விக்னேஷ் போனில். ஹரிணியைத் தன் அம்மா வீட்டுக்கு பெங்களூருக்கு உடனே அனுப்பச் சொல்கிறார். ஹரிணி முடியாது என்றாள். "நான் இங்கதான் இருப்பேன். மன்னிதான் சொன்னா. சொல்லாமலே இருந்திருக்கலாம், இல்லையா?" கதவுக்கு வெளியே நின்று இதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

முடிவு வந்தது. ஹரிணியின் ரத்தத்தில் இருக்க வேண்டியதைவிட அதிகம். மருந்து ஏற்றி எடுக்கிற அளவு இல்லை. எனக்கும், திங்கட்கிழமை போய் ரத்தம் கொடுத்த அம்மாவுக்கும் ரகுவுக்கும் அதைவிடக் கம்மி. சுண்ணாம்புச் சத்து, இரும்பு, பால், மறுபடி அடுத்த மாசம் பரிசோதனை, பிள்ளை பிறந்தவுடன் அதற்கும் ஒன்று.

"குழந்தைக்கு ஏதாவது ஆகுமா டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆகாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாதும்மா. ஆகும்னும் சொல்ல மாட்டேன். இப்பவாவது தெரிஞ்சுதே, பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் ஹரிணி என்னை உள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லணும். உங்களுக்கு எம்மேல கோவமா, மன்னி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை நாள் இல்லை இல்லை என்று எழுதினதே போதும்.

"ஆமா. இருந்தது. நீ வந்த அன்னிலேர்ந்து இருந்தது. உன் வளைகாப்பு அன்னிக்கு ரொம்ப இருந்தது. ஆனா அந்தக் கோவத்துல இதைப் பண்ணலை, ஹரிணி. அதை எப்படி நிரூபிக்கறதுன்னு எனக்குத் தெரியலை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "எனக்கும் தெரியலை" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பாரம் இறங்கியது போல இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். பட்டாசு வாங்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

ஒரு நல்ல விஷயம். இந்த வீட்டில் நான் எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவேன். ரகு, ஹரிணி, அம்மா, அப்புறம் நான். யாரும் சட்டம் போடவில்லை, வந்த நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது. இன்று காலையில் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு நான் பரிமாற வந்தபோது அம்மா தட்டை என் கையிலிருந்து வாங்கி, "நீ மொதல்ல உக்காரு பூர்ணிமா, ஆபீஸுக்கு நேரமாறது" என்றாள். பதினொரு நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள். அவளே சாதம் போட்டாள், நெய்கூட ஊற்றினாள். ஹரிணி பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் அலுவலகக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது என்று தெரியும். ஆனாலும் அலுவலகத்துக்கு நடந்துபோகும்போது எனக்குப் பாட்டு முணுமுணுக்க வேண்டும் போல இருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்றும் என்னை முதலில் உட்காரச் சொன்னாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை, எனக்கு எங்கேயும் நேரமாகவில்லை. காலையிலிருந்து சமைத்தது முழுக்க நான். "எல்லாருமா சேந்து சாப்பிடலாமே" என்றேன். "நீ ஆரம்பி" என்றாள். எனக்கும் ஹரிணிக்கும் ஒன்றாகப் பரிமாறினாள்.

நான் உட்கார்ந்தேன். ஹரிணி தட்டில் சாதம், அதன் மேல் ரசம், பக்கத்தில் பீன்ஸ் கறி. ஆவி பறந்தது. பசி நேரம், அவளுக்கு இப்போது பசி தாங்காது. ஆனால் கை மடியிலேயே இருந்தது. தண்ணீர் குடித்தாள். எங்கள் கல்யாணத்தில் நடந்த எதையோ சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தட்டைப் பார்த்தாள். நான் பேசுவதற்காகக் கையை எடுத்தால் அவளும் பேசினாள். நான் சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டேன். அம்மா கரண்டியோடு நின்றாள். நான் விழுங்கினேன். ஹரிணியின் கை மடியிலிருந்து மேலே வந்து, தட்டின் ஓரத்தில் நின்றது.

நான் கறியைத் தொடவில்லை. அவளும் கறியைத் தொடவில்லை.

புதன்கிழமையும் இப்படித்தான். வியாழக்கிழமையும். நான் நெய்யை நினைத்துக்கொண்டு பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இதை நிஜமாகவே எழுதுகிறேன். அவள் இடத்தில் நான் இருந்தால் பெங்களூருக்கு ஓடியிருப்பேன். அவள் இருக்கிறாள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், என் சமையலைத்தான் சாப்பிடுகிறாள். அவளால் முடிந்தது அவ்வளவு. அழுகை வந்தது. ஆனால் அழுதால் சாப்பாட்டை அப்படியே வைக்க வேண்டியிருக்கும், பாதியில் எழுந்தால் அவள் அதைத் தொடவே மாட்டாள். அழவில்லை. கறியில் ஒரு வாய் எடுத்துக்கொண்டேன். அப்பளத்தை உடைத்து ஒரு துண்டு. ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லி அம்மா எதிரில் குடித்தேன். மோரிலும் ஒரு மடக்கு.

"நன்னா வந்திருக்கு" என்றேன். "சாப்பிடு ஹரிணி, ஆறிப்போறது."

அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.